பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கலாமா? டியூஷனில் ஓயாமல் வரும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். எட்டாவதிலிருந்து பிளஸ் டூ வரை பிள்ளைகள் வருகிறார்கள். வாரத்துக்கு ஒரு அம்மாவாவது மூச்சு வாங்கப் படியேறி வந்து, "மிஸ், காதுல அந்த ஒயர மாட்டிக்கினு படிக்கிறேன்றான், நீங்க கொஞ்சம் கேளுங்க" என்பார். அவர் இறங்கிப் போனதும் பையன் தன் பக்க நியாயத்தோடு வந்து நிற்பான். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் நான் தேடிப் படித்ததையும் மாடியில் பார்த்ததையும் சேர்த்து, அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து எழுதிவிட்டேன். நான் உளவியல் படித்தவள் இல்லை, கணக்கு டீச்சர். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ், பாட்டு கேட்டுக்கினே படிச்சா மண்டைல ஏறுமா ஏறாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

நீ என்ன படிக்கிறாய் என்பதைப் பொறுத்தது. முகத்தைச் சுளிக்காதே, இதுதான் நேரான பதில். புதுப் பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் மனப்பாடம் செய்யவும் பாட்டு இடைஞ்சல். ரெக்கார்டு நோட்டில் படம் வரைவது, மேப்பில் ஆறுகளுக்கு நீலம் அடிப்பது, ரஃப் நோட்டில் இருப்பதை ஃபேர் நோட்டில் பார்த்து எழுதுவது, இந்த மாதிரி வேலைக்கெல்லாம் பாட்டு ஓடினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஜெர்மனியைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 2011-ல், பின்னணி இசை பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தக் கணக்கில் வந்த விடை பூஜ்யம், அதாவது நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. பிரித்துப் பார்த்தால் அது பிளஸ்ஸும் மைனஸும் அடித்துக்கொண்டு வந்த பூஜ்யம். வாசிப்பைக் கெடுத்திருக்கிறது, ஞாபகத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, மனநிலையைத் தூக்கிவிட்டிருக்கிறது, விளையாட்டில் நன்றாகச் செய்ய வைத்திருக்கிறது. பாட்டு நல்லது என்பவரும் கெட்டது என்பவரும் ஆளுக்கு ஒரு ஆய்வைத் தூக்கிக் காட்ட முடிவது இதனால்தான்.

வாயத் தொறக்காம மனசுக்குள்ள தானே படிக்கிறேன், பாட்டு எங்க குறுக்க வருது?

மனசுக்குள் படிக்கும்போதும் உள்ளே ஒரு குரல் ஓடுகிறது, கவனித்துப் பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று நம்பர் கேட்கிறார். நீ உள்ளே போய் ஃபோனைப் பார்த்துவிட்டு, "நாலு ஏழு ரெண்டு ஒம்பது, நாலு ஏழு ரெண்டு ஒம்பது" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வருகிறாய். நடுவில் உன் ஆயா, "மணி என்னாடா, ஆறரையா?" என்று கேட்டால் போச்சு, திரும்ப உள்ளே போக வேண்டியதுதான். ஆயா உன் நம்பரைத் திருடவில்லை. நீ அதைச் சுற்றவிட்டு வைத்திருந்த இடத்தில் இன்னொரு பேச்சு நுழைந்துவிட்டது.

ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974-ல் இப்படி ஒரு உள்குரல் சுற்று இருப்பதாகச் சொன்னார்கள். அதில் ஏறக்குறைய இரண்டு வினாடிப் பேச்சுதான் நிற்குமாம், அவ்வளவு சின்ன இடம். பாடத்தின் வார்த்தையும் அங்கேதான் போக வேண்டும், பாட்டின் வார்த்தையும் அங்கேதான் வந்து விழும். பேட்லியே இன்னொருவரோடு சேர்ந்து 1989-ல் வெளியிட்ட ஆய்வில், வார்த்தை உள்ள பாட்டு வெறும் வாத்திய இசையைவிட ஞாபகத்தை அதிகம் குழப்பியது தெரிந்தது.

அது புடிக்காத பாட்டுக்கு. எனக்குப் புடிச்ச பாட்டுன்னா ஒண்ணும் ஆவாதுல்ல?

எல்லாரும் ஆசையோடு கேட்கும் கேள்வி இது. பதில் ஏமாற்றம்தான். வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் நிக் பெர்ஹாம் என்பவர் 2011-ல் இதையே சோதித்தார். எட்டு எழுத்துகளை வரிசை மாறாமல் ஞாபகம் வைக்க வேண்டும். ஒரு சுற்றில் அவரவருக்குப் பிடித்த பாட்டு, ஒரு சுற்றில் காது கிழியும் மெட்டல் பாட்டு, ஒரு சுற்றில் அமைதி, இப்படி. பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கெடுத்தன. 2014-ல் வாசித்துப் புரிந்துகொள்வதையும் சோதித்தார்கள், அங்கும் வார்த்தை உள்ள பாட்டு பிடித்ததாக இருந்தாலும் பிடிக்காததாக இருந்தாலும் கெடுத்தது.

பிடித்த பாட்டில் ஒரு கூடுதல் வம்பு, அது ஓடும்போது நன்றாகப் படிப்பது போலவே இருக்கும். மனது குஷியாக இருக்கிறது, நேரம் போனதே தெரியவில்லை, பக்கங்கள் புரண்டிருக்கின்றன. மறுநாள் டெஸ்டில்தான் குட்டு வெளிப்படும்.

மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு மிஸ், காதுல விழுறதே தெரியாது.

விழுவது உனக்குத் தெரியாது, உள்ளே இருக்கும் குரலுக்குத் தெரியும். தெரிந்த பாட்டில் அடுத்த வரி வருவதற்கு முன்பே மனது அதை எடுத்துக் கொடுத்துவிடும், சரணம் வந்தால் தலை தானாக ஆடும். 2019-ல் பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து, மூன்று வார்த்தைகளைக் கொடுத்து அவற்றோடு ஒட்டும் நான்காவது வார்த்தையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர்களை வைத்தார்கள். தெரிந்த பாட்டு, தெரியாத மொழிப் பாட்டு, வார்த்தையே இல்லாத இசை, மூன்றுமே விடை எண்ணிக்கையைக் குறைத்தன. நூலகத்தில் கேட்கும் சன்னமான சலசலப்பு மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

கொரியன் பாட்டு கேக்குறேன், ஒரு வார்த்தையும் புரியாது. அது ஓகேவா?

கொஞ்சம் தேவலை, முழுக்க ஓகே இல்லை. 1976-லேயே இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஜெர்மன் பேச்சைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அர்த்தம் புரியாவிட்டாலும் வரிசையாக ஞாபகம் வைப்பது அடிபட்டது. அந்த உள்குரல் சுற்றுக்கு அர்த்தம் அவ்வளவு முக்கியமில்லை, மனிதக் குரல் ஏறி இறங்குவதே போதும். பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ளும்போது மட்டும் புரிகிற மொழிதான் அதிகம் இடிக்கும். ஆக, வரலாற்றில் ஆண்டுகளை வரிசையாக உருப்போட்டால் கொரியனும் வேண்டாம்.

கணக்கு போடும்போது? அதுல வார்த்தையே இல்லியே!

இருக்கிறது. "ஏழு ஒம்பது அறுபத்தி மூணு, மூணு போட்டு ஆறு மீதி" என்று உள்ளே சொல்லாமல் யார் பெருக்குகிறார்கள்? இருபது தடவை போட்டுக் கை பழகிய கணக்கு என்றால் பாட்டோடு போடலாம், அலுப்புத் தட்டாமல் நாலு கணக்கு கூடப் போடுவாய். முதல் தடவை பார்க்கும் டிரிக்னாமெட்ரி கணக்கு என்றால் நிறுத்திவிடு. எது பழகியது எது புதிது என்று உனக்கே தெரியும், என்னிடம் கேட்க வேண்டாம்.

எங்க வூட்ல ஒரே ரூம் மிஸ். ஒரு பக்கம் சீரியல், வெளிய லாரி ஹாரன். பாட்டு போடலன்னா அதெல்லாம் காதுல விழுதே, அப்ப இன்னா பண்றது?

இத்தனை கேள்விகளில் நான் அதிக நேரம் யோசித்தது இதற்குத்தான். ஆய்வுக்கூடத்தில் பாட்டை முழு அமைதியோடு ஒப்பிடுகிறார்கள். அந்த அமைதியை நம் பக்கம் யார் கண்டது? துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி, கொருக்குப்பேட்டை கேட்டில் ரயிலின் ஹாரன், கீழ்வீட்டுக் குக்கர் விசில், எட்டு மணி சீரியலில் மாமியார் மருமகள் சண்டை. விடிகாலையில் எழுந்து படி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது, மீன் ஏலத்துக்கு ஆட்கள் கிளம்பும் நேரம் அது. இங்கே ஒரு பிள்ளை செய்ய முடிவது, எந்தச் சத்தத்தோடு படிப்பது என்று பொறுக்கி எடுப்பதுதான்.

அதற்கு ஒரு விதி இருக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் சத்தம் கெடுக்கும், ஒரே மாதிரி ஓடும் சத்தத்தை மூளை சீக்கிரமே விட்டுவிடும். மேலே சொன்ன கார்டிஃப் ஆய்வில் ஒரு சுற்றில் "மூன்று, மூன்று, மூன்று" என்று ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும் குரலைப் போட்டார்கள், அது பாட்டின் அளவுக்குக் கெடுக்கவில்லை. எங்கள் மாடியில் ஒரு பழைய டேபிள் ஃபேன் இருக்கிறது, "கர்ர்" என்று ஓடும், நடுவில் ஒரு "டக்". புதிதாக வரும் பிள்ளை முதல் நாள் அதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். இரண்டாம் வாரம் கரண்ட் போய் ஃபேன் நின்றால்தான் நிமிர்ந்து பார்க்கும். சீரியல் இதற்கு நேர் எதிர்: வார்த்தை உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு, கூடவே கதையும் உண்டு. அதனால் சீரியலா பாட்டா என்றால், வார்த்தை இல்லாத, அடக்கமான இசையைச் சின்னச் சத்தத்தில் போட்டுக்கொள். தமிழ் சீரியலை மறைக்கத் தமிழ்ப் பாட்டைப் போடுவதில் ஒரு புண்ணியமும் இல்லை, சேற்றைச் சேற்றால் கழுவுகிற கதை.

லாரி, ரயில் சத்தம் சும்மா பழகிப்போகும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நியூயார்க்கில் உயரப் பாலத்தில் ரயில் ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், பப்ளிக் ஸ்கூல் 98 என்று பெயர். அங்கே ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருப்பதை அர்லைன் பிரான்சாஃப்ட் 1975-ல் காட்டினார். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் சத்தம் உறிஞ்சும் அட்டை போட்டார்கள். 1981-ல் அவர் திரும்பிப் பார்த்தபோது அந்த வித்தியாசம் இல்லை. நம்மால் தண்டவாளத்தைத் தொட முடியாது, ஜன்னலுக்குப் பழைய ரஜாயைத் தொங்கவிடலாம், சாலைப் பக்கச் சுவரில் புத்தக அலமாரியை நிறுத்தலாம். பஸ்ஸில் போய்வர முடிகிற பெரிய பிள்ளைகள் நூலகத்துக்குப் போகலாம், கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற இடங்கள் இதற்காகவே இருக்கின்றன.

யூட்யூப்ல பத்து மணி நேர மழைச் சத்தம் இருக்கே, அது போடலாமா?

தாராளமாக. மேலே சொன்ன டேபிள் ஃபேன்தான் அது, கொஞ்சம் ஸ்டைலாக. இடி இடிக்காத மழையாகப் பார்த்து எடு.

லோ-ஃபை மியூசிக் படிக்கறதுக்குன்னே பண்றாங்களாமே, அது?

படிப்பதற்கென்றே செய்தது என்பது அட்டையில் எழுதியிருப்பது. உள்ளே இருப்பது மெதுவான தாளம், திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு, பெரும்பாலும் குரல் இல்லை. அந்தக் காரணங்களுக்காக சினிமாப் பாட்டைவிட இது பரவாயில்லை. வேகமும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் வாசிப்பு அதிகம் அடிபடுகிறது என்று கனடாவில் 2012-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது, லோ-ஃபையில் இரண்டும் இல்லை. ஆனால் அமைதியான அறை கிடைத்தால் அதை விட்டுவிட்டு இதைப் போட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பாட்டுக்காகத்தான் ஃபோன் வேணும்னு சொல்றான் மிஸ். குடுக்கலாமா?

அக்கா, உங்கள் பையனிடம் எனக்கு இருக்கும் பெரிய சந்தேகமே இதுதான். காசு கட்டாத ஆப்பில் இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒருவர் வந்து கத்திக் கத்தி விளம்பரம் பேசுவார், அது எந்தப் பாட்டையும்விட மோசம். அதைத் தள்ளிவிட ஃபோனை எடுப்பான், எடுத்த கையோடு மெசேஜ் பார்ப்பான், அப்புறம் ஒரு ரீல்ஸ். பாட்டால் போனது கொஞ்சம் என்றால் ஃபோனால் போனது சாயங்காலம் முழுக்க. எஃப்எம் ரேடியோவும் இதே வகைதான், பாட்டைவிடத் தொகுப்பாளர் பேச்சு அதிகம். இசை வேண்டும் என்றால் பழைய பட்டன் ஃபோனிலோ சின்ன ஸ்பீக்கரிலோ மெமரி கார்டில் ஏற்றிக் கொடுங்கள்.

மொசார்ட் கேட்டா மூளை வளருமாமே? வயித்துல புள்ள இருக்கும்போதே போடணும்னு என் தங்கச்சிகிட்ட சொல்லியிருக்காங்க.

இந்தக் கதையின் ஆரம்பத்தைச் சொல்கிறேன், கேட்டால் சிரிப்பு வரும். 1993-ல் கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மொசார்ட்டின் இரட்டைப் பியானோ இசை ஒன்றைப் பத்து நிமிடம் போட்டார்கள். அதன்பிறகு காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்பது போன்ற சோதனைகளில் மதிப்பெண் கூடியது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தக் கூடுதல் போய்விட்டது. அவர்கள் குழந்தைகளைச் சோதிக்கவில்லை, கர்ப்பிணிகளைச் சோதிக்கவில்லை, படிக்கும்போது பின்னால் போடவும் இல்லை. ஆனால் 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு தர 1,05,000 டாலர் ஒதுக்கக் கேட்டார், வியாபாரிகள் கிளம்பிவிட்டார்கள்.

பிறகு கனடாவில் ஷெல்லன்பெர்க் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இதைத் துருவினார்கள். மொசார்ட் போலவே, விறுவிறுப்பான கதை ஒன்றை வாசித்துக் காட்டியதும் அந்தக் கதை பிடித்தவர்களுக்கு அதே உதவியைச் செய்தது. ஆக, மொசார்ட்டில் மந்திரம் இல்லை, கொஞ்சம் உற்சாகம் வந்தால் கொஞ்ச நேரம் மூளை சுறுசுறுப்பாக இருக்கிறது, ஒரு டீ குடித்த மாதிரி. 2010-ல் வியன்னாவில், மொசார்ட்டின் சொந்த நாட்டிலேயே, ஏறக்குறைய 3,000 பேர் பங்கெடுத்த ஆய்வுகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்து, மொசார்ட்டுக்கென்று தனிப் பலன் இல்லை என்று எழுதிவிட்டார்கள். தங்கச்சிக்கு அந்த இசை பிடித்திருந்தால் கேட்கட்டும், காசு கொடுத்துப் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம்.

பாட்டு இல்லன்னா என் பொண்ணு உட்காரவே மாட்டா. நிறுத்தினா எந்திரிச்சுப் போயிடுது.

அப்படியானால் உடனே பிடுங்காதீர்கள். உட்காராத பிள்ளையை உட்கார வைக்கிறது என்றால் பாட்டு ஏதோ வேலை செய்கிறது என்று அர்த்தம். மேலே மொசார்ட் விஷயத்தில் சொன்ன உற்சாகம்தான் அது, அந்த உற்சாகம் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இரண்டு பாட்டு, அவளுக்கு எது பிடிக்குமோ அது, கானாவோ குத்தோ, ஆடினாலும் ஆடட்டும். பிறகு நிறுத்திவிட்டு இருபத்தைந்து நிமிடம் படிப்பு, மறுபடி ஒரு பாட்டு. பாட்டும் படிப்பும் ஒரே சமயத்தில் ஓடாமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்.

எங்கள் மாடியில் ஒன்பதாவது படிக்கும் ஒருத்திக்கு இப்படிச் செய்தோம். முதல் வாரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "மிஸ், பாட்டு டைம் வந்துச்சா?" என்று நச்சரித்தாள். இப்போது சில நாள் அவளே மறந்துவிடுகிறாள், சில நாள் இன்னும் நச்சரிக்கிறாள்.

ரெண்டு பசங்க. பெரியவன் பாட்டோட படிச்சு நல்ல மார்க் எடுக்கறான், சின்னவன் அதே மாதிரி பண்ணி கோட்டை விடறான். ஏன் மிஸ்?

ஆளுக்கு ஆள் மாறும். 1997-ல் லண்டனில் ஒரு ஆய்வில், கலகலப்பாகப் பழகுபவர்களையும் தனிமை விரும்புபவர்களையும் பிரித்து, பாப் இசையோடு வாசிக்கவும் ஞாபகம் வைக்கவும் செய்தார்கள். தனிமை விரும்புபவர்களுக்குத்தான் அடி அதிகம். உங்கள் சின்னவன் மூலையில் உட்கார்ந்து பேசாமல் படிக்கிற ரகம், எனக்குத் தெரியும். இன்னொரு கோணமும் இருக்கிறது. பெரியவன் பாட்டு இல்லாமல் படித்தால் இன்னும் நாலு மார்க் கூட எடுப்பானோ என்னவோ, அதை யாரும் பார்க்கவில்லையே.

பரீட்சை ஹால்ல பாட்டு இருக்காது. பாட்டோட படிச்சது அங்க ஞாபகம் வருமா?

நல்ல கேள்வி. 1975-ல் ஸ்காட்லாந்தில் கடலில் மூழ்கும் டைவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீருக்கடியில் கேட்ட வார்த்தைகள் தண்ணீருக்கடியிலேயே நன்றாக ஞாபகம் வந்தன, கரையில் கேட்டவை கரையில் ஞாபகம் வந்தன. இடத்தை மாற்றினால் குறைந்தது. பின்னால் ஓடும் இசைக்கும் இப்படி ஒரு ஒட்டுதல் உண்டு என்று காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன. பயப்படும் அளவுக்குப் பெரியதில்லை, நன்றாகப் புரிந்து படித்தது எங்கேயும் வரும். ஆனாலும் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னாலிருந்தாவது பாட்டு இல்லாமல், நாற்காலி மேஜையில், கடிகாரம் பார்த்து ஒரு பேப்பர் எழுதிப் பழகு.

பாடத்தையே பாட்டா பாடினா? நாங்க ஒரு கானா கட்டி வெச்சிருக்கோம் மிஸ்.

அதைத்தான் கேட்டேனே, கீழ்வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். இது வேறு விஷயம். இங்கே பாட்டு பின்னால் ஓடவில்லை, பாட்டின் வார்த்தையே பாடம்தான், உள்குரலும் அதையேதான் பாடுகிறது. சண்டைக்கு இடமில்லை. நம் ஆட்கள் செய்யுளை ராகம் போட்டு உருப்போட்டதும் வாய்ப்பாட்டை இழுத்துப் பாடியதும் இதற்குத்தான். எளிய மெட்டு, அதே மெட்டு திரும்பத் திரும்ப வந்தால் வரிகள் நன்றாக நிற்கின்றன என்று 1994-ல் ஒரு ஆய்வும் வந்திருக்கிறது.

நம் பையன்கள் முதல் இருபது தனிமங்களைக் கானாவில் கட்டினார்கள். மேஜையில் தாளம், ஹைட்ரஜனில் ஆரம்பித்துக் கால்சியத்தில் ஒரு "ஏய்!" போட்டு முடியும். அபாரம். அடுத்த நாள் டெஸ்டில் "அணு எண் 13 எது?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்க உதடு அசைகிறது, விரல் மடங்குகிறது, எல்லாரும் ஹைட்ரஜனிலிருந்து ஆரம்பித்துப் பாடிக்கொண்டு வருகிறார்கள். அலுமினியம் வந்து சேர்வதற்குள் அரை நிமிடம். அதனால் பாட்டாகக் கட்டு, கட்டிய பிறகு நடுவிலிருந்து கேள்வி கேட்டும் பழகு.

ஹெட்போன்ல எவ்ளோ நேரம், எவ்ளோ சவுண்டு?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் அதே 40 மணி நேரம் வரை. சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். வீட்டில் யாரிடம் டெசிபல் மீட்டர் இருக்கிறது? ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசினால் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம். லாரிச் சத்தத்தை மறைக்கத்தான் பெரும்பாலும் கூட்டுகிறார்கள், அதுதான் ஆபத்து. படிப்பைவிடக் காது முக்கியம், அது திரும்ப வளராது.

ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப மைக் செட் போட்டா என்ன பண்றது? தட்டிக் கேட்க முடியுமா?

சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் உண்டு. விதி அப்படி, தெரு எப்படி என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெரு மைக் செட்காரர் என் மாணவன் ஒருவனுக்குச் சித்தப்பா. பப்ளிக் எக்ஸாம் சமயத்தில் நாலு அம்மாக்களோடு போய்ச் சொன்னதும் ஒரு குழாயைத் திருப்பி வைத்தார், அதற்கு ஒரு தட்டு கேசரி செலவானது.

ஆடியில் பரீட்சை நெருக்கடி இல்லை, அதனால் நான் சண்டைக்குப் போவதில்லை. அந்த நாட்களில் மனப்பாடம் வேண்டாம், கிராஃப் போடுங்கள், ரெக்கார்டு முடியுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

எனக்கு எது ஒத்துவரும்னு நானே எப்படி கண்டுபுடிக்கறது?

தம்பியையோ தங்கையையோ துண்டுச் சீட்டில் எட்டு எட்டு எண்களாகப் பத்து வரிசை எழுதச் சொல். ஒவ்வொரு வரிசையையும் ஒரு தடவை பார், பத்து வினாடி காத்திரு, பிறகு எழுது. ஐந்து வரிசை பாட்டோடு, ஐந்து பாட்டில்லாமல். மறுநாள் முறையை மாற்றிச் செய், இல்லாவிட்டால் முதலில் செய்தது சோர்வில்லாமல் நன்றாக வந்ததா, பாட்டினால் வந்ததா என்று தெரியாது. ஒரு வாரம் பாடத்தை வைத்தும் இப்படிச் செய்யலாம், ஒரு பக்கம் பாட்டோடு, ஒரு பக்கம் இல்லாமல், அடுத்த நாள் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும். படிக்கும்போது எப்படி இருந்தது என்பதைக் கணக்கில் எடுக்காதே, எழுதியதை மட்டும் எண்ணு.

எங்கள் மாடியில் இதைச் செய்த அன்று, பாட்டுக்காக அதிகம் வாதாடியவன் ஆறாவது எண்ணில் பாட்டின் வரியையே எழுதிவைத்தான்.

நீங்க மட்டும் பேப்பர் திருத்தும்போது பாட்டு கேக்கறீங்க?

கேட்கிறேன். ஒரு மார்க் கேள்விக்கு டிக்கும் இன்ட்டும் போட எண்பதுகளின் மெலடி இல்லாமல் என்னால் முடியாது, முதல் பதிலில் சொன்ன மேப்புக்கு நீலம் அடிக்கிற வகை வேலைதான் அது. கூட்டல் போடும்போதும் விட்டுவைத்திருந்தேன். போன வருடம் ஒரு பெண் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து, "மிஸ், எனக்கு நாலு மார்க் குறையுது" என்றாள். எண்ணிப் பார்த்தேன், குறைந்துதான் இருந்தது. அதிலிருந்து கூட்டும்போது பாட்டை நிறுத்திவிடுகிறேன். அவள் இன்னமும் பேப்பர் கைக்கு வந்ததும் மார்க்கைப் பார்ப்பதில்லை, முதலில் கூட்டித்தான் பார்க்கிறாள்.